நூல் பருமன்

ஜூன் மாத உறைபனியில்
மலட்டு ஆடு ஒன்றை அறுத்தோம்.
மூன்று வருடமாகக் குட்டி இல்லை.
"உன்னை மாதிரி" என்றான் எலெயுத்தேரியோ
கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டே.
சொல்லிவிட்டுச் சிரித்தான். கெட்டவனில்லை.
கழுத்தை அறுப்பது அவன்,
வயிற்றைப் பிரிப்பது எப்போதும் நான்.

என்னை அறுக்க வந்தவர்களும்
இப்படியொரு பனியில்தான் மலையேறி வந்தார்கள்.
பள்ளிக்கூடத்து மேசை, மேலே பச்சைத் துணி.
நாலாவது மகனுக்கு அப்போது பல் முளைக்கவில்லை.
எனக்கு இருபத்தொன்பது.
கெச்சுவா தெரியாத டாக்டர்
ஸ்பானிஷில் என்னவோ சொன்னார்.
நர்ஸ் என் கட்டைவிரலை மையில் அமுக்கினாள்.
இரண்டு விரல் அகலத் தையல்,
ஒரு பாட்டில் சமையல் எண்ணெய்.
உள்ளே எதை எடுத்தார்கள், எதை விட்டுவைத்தார்கள்
கேட்கவும் தெரியவில்லை,
சொல்லவும் ஆளில்லை.

சொல்வதற்கு ஊர் இருந்தது.
கட்டிய பெண்ணுக்கு இரத்தம் தலைக்கேறும்.
கட்டிய பெண் கோவேறு கழுதை.
வெளியேற வழியில்லாத முட்டைகள்
குவிந்து குவிந்து ஒருநாள் அழுகும்.
நாத்தனார் செபாஸ்தியானா
என் வயிற்றில் காது வைத்துக் கேட்டாள்,
பானையில் சிச்சா நுரைக்கிறதா என்று பார்ப்பவள்போல.

மகன் பால் மறந்த மாதம்
மறுபடி வந்தது இரத்தம்.
அதே ஐந்து நாள், அதே இடுப்பு வலி.
பூட்டிய வீட்டிலிருந்து
எப்படி வந்தாய் என்று கேட்டேன்.
ஆற்றில் துணி அலசும்போது கேட்டது,
யாருக்கும் தெரியாது.

வெகுநாள் கழித்து
நகரத்து ஆஸ்பத்திரியில் எங்கள் மொழிக்காரி,
லெத்தீசியா என்ற மருத்துவச்சி, சொன்னாள்:
அம்மா, உன் கருப்பை இருந்த இடத்திலேயே இருக்கிறது.
சூலகங்கள் இரண்டும் இருக்கின்றன,
மாதாமாதம் முட்டையை அனுப்புகின்றன.
அது குழாயில் பாதிவழி வந்து நிற்கும்.
ஒரு நாள் காத்திருக்கும்.
பிறகு உடம்பே அதைக் கரைத்து எடுத்துக்கொள்ளும்.
மணல் துணுக்கு அளவுதான்.
அழுக அதில் என்ன இருக்கிறது?

தலையாட்டினேன். நம்பவில்லை.

இன்று ஆட்டின் கருப்பையைத் தட்டில் விரித்தேன்.
கடாவின் கொம்புகளாக இரண்டு பக்கமும் சுருண்டிருந்தது.
கொம்பு நுனியிலிருந்து
நான் நூற்கும் கம்பளி நூல் பருமனில்
ஒரு குழாய்
நெளிந்து நெளிந்து போய்
அவரை விதை அளவு சூலகத்தருகே
புனல்போல வாய் திறந்திருந்தது.
விதையின் மேல்
புதிதாக வெடித்த ஒரு சிவப்புப் புள்ளி.

சால்வையிலிருந்து ஓர் இழையை உருவி
அந்தக் குழாயில் முடிச்சுப் போட்டேன்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
சூலகம் அப்படியே இருந்தது.
கருப்பை அப்படியே இருந்தது.
இரண்டுக்கும் நடுவே
பாதை மட்டும் போய்விட்டது.

சோள மணிகளை எடுத்து எண்ணினேன்.
பத்தொன்பது வருடம், வருடத்துக்குப் பதின்மூன்று.
இருநூற்று நாற்பத்தேழு.
அத்தனையையும் நானே தின்றிருக்கிறேன்.
அந்தப் பலத்தில்தானோ
உருளைக்கிழங்கு மூட்டை ஏறியது முதுகில்?
நாற்பத்தெட்டில் இரத்தம் நின்றதற்கும்
முடிச்சைக் குறை சொல்ல முடியாது.
அக்காவுக்கும் அதே வயதில்தான் நின்றது.
அவளை யாரும் மேசையில் கிடத்தவில்லை.

சரி, ஒன்றும் கெடவில்லை.
ஆனால் கேட்டிருக்கலாம்.
என் மொழியில், ஒரே ஒரு தடவை.
வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேனா?
அதுவும் எனக்குத் தெரியாது.
அதைத்தான் எடுத்துப் போனார்கள்.

"என்ன தேடுகிறாய்? தண்ணீர் கொதிக்கிறது."
"ஆடு மலடில்லை" என்றேன்.
"உன் கடாவுக்குத்தான் வயசாகிவிட்டது."
எலெயுத்தேரியோ கடாவைப் பார்த்தான்.
கடா வேறெங்கோ பார்த்தது.

நாய்க்கு எறியும் முன்
முடிச்சில் நகத்தை வைத்தேன்.
இழுத்தவுடன்
அவிழ்ந்து வந்துவிட்டது.